யுஎஸ்டிடி மோசடியின் தடத்தைப் படிப்பது: வடசென்னை அனுபவம்

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் டெலிகிராம் ‘பார்ட் டைம் வேலை’யிலும் போலி டிரேடிங் ஆப்பிலும் பணத்தை இழந்தவர்களின் கிரிப்டோ பரிவர்த்தனைகளைத் திரட்டி, மோசடி முறை தொழில்நுட்பத்தோடு எப்படி மாறுகிறது என்று படித்து வருகிறோம். இந்த வேலையில் இறங்குபவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

பணம் போய்விட்டது என்று ஒருவர் வந்தால் ஆராய்ச்சி அப்புறம். முதலில் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு போன் போடச் சொல்லுங்கள். யுபிஐயில் போன ரூபாய் வேறு யாருடைய பெயரிலோ இருக்கும் வாடகை வங்கிக் கணக்கில் விழுந்து, பிறகுதான் டெதர் நிறுவனம் வெளியிடும் டாலர் மதிப்பிலான கிரிப்டோ காயினான யுஎஸ்டிடி ஆகிறது. வங்கியில் இருக்கும்போதே முடக்கினால் மீட்க நல்ல வழி உண்டு.

“அண்ணா, ஸ்கிரீன்ஷாட் எல்லாம் வச்சிருக்கேன்” என்பார்கள். அது போதாது. ஆப்பில் ஹாஷின் (ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் உரிய அடையாள எண்) முன்னும் பின்னும் சில எழுத்துகள்தான் தெரியும், நடுவில் வெறும் புள்ளிகள். 64 எழுத்தும் உள்ள முழு ஹாஷைக் காப்பி செய்து அனுப்பச் சொல்லுங்கள். ட்ரான் என்ற பிளாக்செயினின் வாலட் முகவரி என்றால் 34 எழுத்து. கையால் அடிக்கவே கூடாது. நிஜ முகவரியோடு முதல் எழுத்துகளும் கடைசி எழுத்துகளும் ஒத்துப்போகிற போலி முகவரியிலிருந்து பூஜ்ஜியத் தொகை அனுப்பி, வாலட் பட்டியலுக்குள் நுழைவது இப்போது சகஜம். யுஎஸ்டிடி என்றே பெயர் வைத்த போலி டோக்கன்களும் வரும். முன்னதைத் தொகையைப் பார்த்தும், பின்னதை டெதரின் காண்ட்ராக்ட் முகவரியோடு (நிஜ டோக்கனை வெளியிடும் முகவரி) ஒத்துப்பார்த்தும் முதலிலேயே கழித்துவிடுங்கள்.

நேரத்திலும் குழப்பம் வரும். யுடிசியில் (உலகப் பொது நேரம்) பதிவான நேரத்தோடு ஐந்தரை மணி நேரம் கூட்டாவிட்டால், நம் நள்ளிரவுக்குப் பிந்தைய பரிவர்த்தனை முந்தின நாள் தேதியில் நிற்கும். வங்கி ஸ்டேட்மென்ட்டோடு ஒட்டாது.

எங்களுக்கு அதிகம் சொல்லித் தந்தது ட்ரானின் சொந்தக் காயினான டிஆர்எக்ஸ். ட்ரானில் யுஎஸ்டிடியை வெளியே அனுப்ப டிஆர்எக்ஸில் கட்டணம் உண்டு; புது வாலட்டில் டிஆர்எக்ஸ் இருக்காது. யாராவது கொஞ்சம் போட்டாக வேண்டும். வெவ்வேறு ஆப்பில் ஏமாந்த இருவரின் பணம் போன வாலட்டுகளுக்கு ஒரே முகவரி டிஆர்எக்ஸ் போட்டிருந்தால், பின்னால் இருப்பது ஒரே கும்பலா என்று தேட வலுவான காரணம் கிடைக்கிறது. ஆனால் டிஆர்எக்ஸ் போடாமல், கட்டணத்துக்குப் பதிலாகச் செலவாகும் ‘எனர்ஜி’யை வாடகைக்கு விடும் சேவைகள் வந்துவிட்டன. வாடகைக்கு விடுபவர் ஆயிரக்கணக்கான பேருக்குப் பொதுவானவர். அவரைக் கும்பலோடு சேர்த்தால் மொத்த வரைபடமும் பொய்.

பெரிய திருட்டுகளில் மாற்றம் இன்னும் பளிச்சென்று தெரியும். பலர் காயினைக் கலந்து தடத்தை மறைக்கும் டொர்னாடோ கேஷ் மிக்ஸருக்கு 2022 ஆகஸ்டில் அமெரிக்கா தடை போட்டது, 2025 மார்ச்சில் நீக்கியது. 2025 பிப்ரவரியில் பைபிட் என்ற கிரிப்டோ எக்ஸ்சேஞ்சில் திருடப்பட்ட சுமார் 150 கோடி டாலர் மதிப்புள்ள சொத்தில் பெரும்பகுதி, ஒரு பிளாக்செயினின் காயினை இன்னொன்றின் காயினாக மாற்றும் தார்செயின் போன்ற வழிகளில் பிட்காயினாக மாறியது. இப்படிச் செயின் தாவும்போது ஒரே ஹாஷை வைத்துத் தொடர முடியாது. பல நேரம் கட்டணம் கழித்த தொகையையும் நேரத்தையும் வைத்து மறுகரையில் தேட வேண்டும்.

தடம் ஏதாவது எக்ஸ்சேஞ்சின் டெபாசிட் முகவரியைத் தொட்டதும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் எல்லார் பணமும் ஒன்றாகக் கலந்துவிடும். பின்தொடர்ந்தால் சம்பந்தமில்லாதவர் மாட்டுவார். கணக்கு யாருடையது என்று போலீஸ்தான் கேட்க வேண்டும், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 94-ஆம் பிரிவின்கீழ். யுஎஸ்டிடி இன்னும் வாலட்டிலேயே இருந்தால் டெதரால் முடக்க முடியும் என்பதையும் புகாரில் எழுதச் சொல்லுங்கள். பிட்காயினில் அப்படி முடக்க யாரும் கிடையாது. நீதிமன்றத்துக்குப் போகும் கோப்பு என்றால், சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 63(4)-இன் சான்றிதழ் இல்லாமல் எக்ஸ்ப்ளோரர் (பரிவர்த்தனைகளைக் காட்டும் இணையதளம்) பிரிண்ட்அவுட் நிற்காது.

சேர்த்த பட்டியலில் பாதிக்கப்பட்டவரின் பெயர், போன் நம்பர் இரண்டையும் தனிக் கோப்பில் பூட்டி வையுங்கள். ‘போன காயினை மீட்டுத் தர்றோம், முதல்ல ஃபீஸ் கட்டுங்க’ என்று அடுத்த சுற்று ஏமாற்ற வருபவர்கள் தேடி அலைவது அந்தப் பட்டியலைத்தான்.