மட்டக்குதிரையோடு முதியோர் இல்லத்துக்கு

கிருஷ்ணகிரி சுற்றுவட்டாரத்தில் வீடுகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் போய்ப் பிசியோதெரபி கொடுப்பது என் வேலை. காவேரிப்பட்டணம் பக்கத்தில் எங்கள் மாந்தோப்பில் மட்டக்குதிரை வளர்ப்பது என் மாமனாரின் பொழுதுபோக்கு. இரண்டும் ஒன்றாகச் சேரும் என்று வீட்டில் யாரும் நினைத்ததில்லை. என் மகன்தான் ஒருநாள் மொபைலில் ஒரு வீடியோவைக் காட்டினான். அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் ஜென்டில் கரோசல் என்றொரு அமைப்பு, மினியேச்சர் குதிரைகளை மருத்துவமனைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் கூட்டிப்போகிறது. கட்டிலில் படுத்திருக்கும் பாட்டியின் முகத்துக்கு நேராகக் குதிரையின் முகம். "நம்ம சிட்டுவும் இந்த உயரந்தானே?" என்றான்.

அந்த உயரம் இல்லை. அங்கே மினியேச்சர் குதிரைச் சங்கம் ஒன்றில் பதிவு செய்ய, பிடரி மயிர் முடியும் இடத்தில் அளந்தால் 34 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. சிட்டு அதைவிட ஒரு சாண் கூடுதல். ஆனால் சாது. மாமா அவளை அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கினார். சுழி சரியில்லை என்று எல்லோரும் ஒதுக்கியதால் விலை படிந்தது. பெண் குதிரையாக இருந்ததும் நல்லதாகப் போயிற்று. காயடிக்காத ஆண் குதிரையை வயசானவர்கள் நடுவில் கூட்டிப்போக நான் துணிந்திருக்க மாட்டேன். பெட்டைக்கும் சுமார் மூன்று வாரத்துக்கு ஒருமுறை பருவச் சூடு வரும், அந்தச் சில நாட்கள் முறுக்கிக்கொண்டு நிற்பாள். அப்போது எங்கேயும் கூட்டிப்போவதில்லை.

கால்நடை மருத்துவரிடம் யோசனை கேட்டபோது அவர் சிரிக்கவில்லை. "முதல்ல கிளாண்டர்ஸ் டெஸ்ட், அப்புறம் பேசலாம்" என்றார். குதிரை, கழுதைகளுக்கு வரும் பாக்டீரியா நோய் அது. மனிதருக்கும் தொற்றும், தடுப்பூசி கிடையாது. ரத்தம் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். நாட்டில் இதற்குத் தலைமை இடம் ஹரியானாவின் ஹிசாரில் இருக்கும் தேசியக் குதிரைகள் ஆராய்ச்சி மையம். நோய் உறுதியானால் குதிரையை உயிரோடு விட்டுவைக்கச் சட்டம் இடம் கொடுக்காது, இழப்பீடு மட்டும் கிடைக்கும். இதையும் டாக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார். மாமா அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசவில்லை.

"நல்லா இருக்கிற குதிரைக்கு எதுக்கும்மா ரத்தம்? ஏதாவது எழுதி அனுப்பினாங்கன்னா என் கண்ணு முன்னாடியே ஊசி போட்டுடுவாங்க. உனக்கு வேலை இல்லியா?"

அவர் பயம் எனக்குப் புரிந்தது. பதில் சொல்ல வாய் வரவில்லை. அத்தைதான் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்: "நோய் இருந்தா அது உங்களுக்கும் எனக்கும் பேரனுக்கும்தானே முதல்ல வரும்? தினம் அவன் அது மூஞ்சில மூஞ்சி வெச்சுக்கிட்டு நிக்கறான்." மறுநாள் மாமாவே டாக்டருக்குப் போன் போட்டார். முடிவு வரும்வரை இரவில் எழுந்து எழுந்து கொட்டகைக்குப் போய்வந்தார். நோய் இல்லை என்று தாள் வந்தபோது அதை லாமினேட் செய்து வைத்துக்கொண்டார். அது ஒருமுறை எடுத்து முடிந்துபோகும் சோதனை இல்லை, காலம் விட்டுத் திரும்ப எடுக்க வேண்டும் என்பதை நான் அப்போது சொல்லவில்லை.

மற்றவை சுலபம். ரேபிஸ் ஊசி, டெட்டனஸ் ஊசி, குடற்புழு மருந்து. டெட்டனஸ் கிருமி குதிரை லத்தியிலேயே இருக்கும் என்பதால் எங்கள் வீட்டிலும் எல்லோரும் ஊசி போட்டுக்கொண்டோம். லாடக்காரரை வரவழைத்து லாடத்தைக் கழற்றினோம். இரும்பு லாடத்தோடு டைல்ஸ் தரையில் நின்றால் வழுக்கும். தார் ரோட்டில் ஓடாத குதிரைக்கு லாடமும் தேவையில்லை, ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவிவிட்டால் போதும். கொள்ளுத் தீனியைக் குறைக்கச் சொன்னதுதான் மாமாவுக்கு வருத்தம். நம் ஊர் மானாவாரிக் கொள்ளை ஊறவைத்துக் கொடுப்பதுதான் அவர் பாசம். குட்டை இனங்கள் சீக்கிரம் கொழுத்துவிடும், கொழுத்தால் குளம்புக்குள் வீக்கம் வந்து நடக்கவே முடியாமல் போகும் என்று டாக்டர் விளக்கிய பிறகே அளவைக் குறைத்தார்.

பழக்குவதற்குத்தான் நாள் பிடித்தது. என்னிடம் இருந்த பழைய வீல்சேரையும் வாக்கரையும் தோப்புக்குக் கொண்டுபோனேன். குதிரைக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் எதுவும் தெரியாது. வீல்சேர் பின்னாலிருந்து உருண்டு வந்தால் உதைக்கத்தான் செய்யும், அது அதன் குற்றமில்லை. எனவே எப்போதும் தோள் பக்கமாக, பேசிக்கொண்டே வர வேண்டும். என் மகன் வீல்சேரில் உட்கார்ந்து வருவான், அத்தை இருமுவார், நான் எவர்சில்வர் தட்டைக் கீழே போடுவேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலியோரம் நின்று எங்கள் நாடகத்தைப் பார்த்துவிட்டுப் போவார். சிட்டுவுக்கு எல்லாமே சீக்கிரம் பழகிவிட்டது, குக்கர் விசிலைத் தவிர. இன்றைக்கும் குக்கர் விசிலுக்குக் காது விறைக்கும். இல்லத்துச் சமையலறையில் விசில் அடங்கும் நேரம் பார்த்துத்தான் போகிறோம்.

முதலில் கேட்ட இல்லத்தில் முடியாது என்றார்கள். யாராவது விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இரண்டாவது இல்லம் நான் வாரந்தோறும் போகும் இடம், அங்கே மேலாளர் அம்மா நிபந்தனைகள் போட்டார். குதிரை வராந்தாவுக்கு மேல் உள்ளே வரக்கூடாது. குதிரைக்குக் கால்நடை மருத்துவர் கொடுத்த உடல்நலச் சான்று ஃபைலில் இருக்க வேண்டும். ஒவ்வொருவரின் பிள்ளைகளிடமும் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். அவர் கேட்காத ஒன்றை நானே சேர்த்தேன்: படுக்கைப் புண், சர்க்கரைப் புண் ஆறாதவர்கள், ஆஸ்துமாக்காரர்கள், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர்கள் தூரத்திலிருந்து பார்த்தால் போதும், தொட வேண்டாம்.

சம்மதக் கடிதம் வாங்குவது கிளாண்டர்ஸைவிடப் பெரிய பாடு. பெங்களூரில் இருக்கும் மகன் போனை எடுக்கமாட்டார். எடுத்தால், "குதிரையா? அம்மாவுக்கு என்ன ஆச்சு?" என்று பதறுவார்.

போகிற நாளில் விடியற்காலையிலேயே சிட்டுவை டாடா ஏஸில் ஏற்றினோம். தளத்தில் மணல், அதன்மேல் வைக்கோல். கிருஷ்ணகிரி வெயிலில் பத்து மணிக்கு மேல் குதிரையை வண்டியில் நிறுத்தி வைப்பது பாவம். வராந்தாவில் மாட்டுக் கொட்டகைக்குப் போடும் ரப்பர் பாயை விரித்தோம். வண்டியிலிருந்து இறங்கியதும் மாமா அவளை வெளியே சுற்றிச் சுற்றி நடக்க வைத்தார், லத்தி போடும்வரை. வெளிநாட்டில் வாலுக்கடியில் பை கட்டிவிடுகிறார்கள். எங்களிடம் இருப்பது மாமாவின் பொறுமையும் மண் அள்ளும் ஒரு பழைய பாண்டும்தான். லத்தியை எங்கே கொட்டுவது என்று தயங்கி நின்றபோது, ரோஜாச் செடி வளர்க்கும் ஒரு அம்மா அதை அப்படியே வாங்கிக்கொண்டார். மட்க வைக்காமல் போடாதீங்க என்று மாமா எச்சரித்தார்.

உட்கார்ந்திருந்தவர்களில் ஒரு தாத்தா யாரோடும் அதிகம் பேசாதவர். சிறுவயதில் ஓசூர் பக்கத்து மத்திகிரிப் பண்ணையில் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டியவராம். 1824-இல் வெள்ளைக்காரர்கள் பட்டாளத்துக்குக் குதிரை வளர்க்கத் தொடங்கிய பண்ணை அது, இன்றும் அங்கே கத்தியவார் குதிரைகள் உண்டு. அவர் சிட்டுவைக் கொஞ்சவில்லை. பக்கவாட்டில் வந்து, உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார். "எத்தனை வயசுன்னு சொல்லிக் கொடுத்தான்?"

"ஆறுங்க" என்றார் மாமா.

"பத்துக்கு மேல ஆவுது. பல்லுக் குழி தேஞ்சு போச்சு பாரு. ஏமாந்துட்ட." பிறகு தலைக்கயிற்றின் முடிச்சு சரியில்லை என்று தெலுங்கில் திட்டிக்கொண்டே அவிழ்த்து, வேறு முடிச்சுப் போட்டார், இழுத்தால் ஒரே இழுப்பில் அவிழ்கிற மாதிரி. மாமாவுக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனால் இப்போது அந்த முடிச்சைத்தான் போடுகிறார்.

எனக்கு வேலை இருந்தது இன்னொரு அம்மாவிடம். பக்கவாதத்தில் வலது கை வலுவிழந்தவர். தோளுக்கு மேல் கையைத் தூக்கச் சொன்னால் "வலிக்குதும்மா, நாளைக்குப் பாக்கலாம்" என்பார், அந்த நாளை வராது. பிரஷ்ஷை அந்தக் கையில் கொடுத்து, என் கையை அடியில் தாங்கலாக வைத்து, பிடரியை வாரச் சொன்னேன். சிக்கு எடுப்பதில் மும்முரமாகி, கை எங்கே போகிறது என்பதையே கவனிக்கவில்லை. இதனால் கை குணமாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். குதிரை மருந்து இல்லை. உடற்பயிற்சி என்ற பேச்சே இல்லாமல் ஒருவர் கையைத் தூக்க ஒரு காரணம் கிடைத்தது, என் தொழிலில் அதுவே பெரிய விஷயம்.

எல்லோருக்கும் பிடித்துவிடவில்லை. வாடை என்று ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டார். இன்னொருவர் பயத்தில் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார், அவரிடம் போகவே இல்லை. பார்த்தால் சந்தோஷப்படுவார்கள் என்று நாமாக முடிவு செய்து அருகில் இழுத்துப்போவது எனக்கு ஒப்பாது. சிட்டுவுக்கும் அதே நியாயம்தான். காதைப் பின்னால் மடிக்கிறாள், வாலை வீசிக்கொண்டே இருக்கிறாள் என்றால் யார் கேட்டாலும் கிளம்பிவிடுவோம். அரை மணி, மிஞ்சினால் முக்கால் மணி, அதற்குமேல் இல்லை. தின்னக் கொடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு நீளவாக்கில் நறுக்கிய கேரட், விரித்த உள்ளங்கையில். வட்டமாக நறுக்கினால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பிஸ்கட்டை முந்தானையில் மறைத்து வைத்திருக்கும் பாட்டிகளைக் கண்காணிக்கத் தனியாக ஓர் ஆள் வேண்டும், அது என் மகன். முடிந்ததும் சோப்புப் போட்டு எல்லோருக்கும் கை கழுவி விடுவதும் அவன் பொறுப்பு.

ஏப்ரல், மே மாதங்களில் போவதில்லை. இடையில் தருமபுரியிலிருந்து ஓர் இல்லத்தில் கேட்டிருக்கிறார்கள். அங்கே நடக்க முடியாதவர்கள் எல்லோரும் மாடியில், லிஃப்டும் இல்லை. குதிரையைப் படியேற்ற மாட்டோம், அவர்களைக் கீழே தூக்கி வர ஆள் இருந்தால் வருகிறோம் என்று சொல்லியிருக்கிறோம். யோசித்துச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள்.