வங்காலையில் நீரின் ஆழம்

மதவாச்சியிலிருந்து மன்னாருக்குச் செல்லும் ஏ14 வீதி, தள்ளாடியை நெருங்கும்போது வங்காலைச் சரணாலயத்தின் சதுப்பு வெளியைத் தொட்டுச் செல்கிறது. வாடைக்காற்று இன்னும் தணியாத ஒரு தை மாதக் காலையில் அங்கே இறங்கினேன். ஊசிவால் வாத்துகளும் கிளுவைகளும் தலையை நீருக்குள் அமிழ்த்தி மேய்ந்தன; கருவால் மூக்கன்கள் கரையோரச் சேற்றைக் குத்திக் கிளறின; பூநாரைகளோ எட்டத்தில், உவர் மிகுந்த பக்கத்தில் நின்றன.

அவை இப்படிப் பிரிந்து நிற்பதற்கு முதற் காரணம் நீரின் ஆழமே. சிறிய உள்ளானுக்கு ஈரச் சேறும் அதன்மேல் மெல்லிய நீரும் போதும். ஊசிவால் வாத்து வாலை மேலே தூக்கிக்கொண்டு தன் நீண்ட கழுத்து எட்டும் ஆழம்வரை இரை தேடும். பூநாரை இன்னும் ஆழமான நீரிலும் நடந்து, வளைந்த அலகால் சிற்றுயிர்களை வடித்து உண்ணும். எனவே சேறும் ஆழமும், நன்னீரும் உவர்நீரும் அருகருகே நிலைக்கும்படி பார்த்துக்கொள்வதே, மாரிகாலத்தில் இத்தகைய இடத்தைப் பராமரிப்பவர்களின் தலையாய வேலை என்று நினைக்கிறேன்.

மத்திய ஆசியாவிலிருந்து தெற்கே வரும் பறவைகளின் வழி ஏறத்தாழ முடிவடையும் இந்த 4,839 ஹெக்டேயர் நிலம் 2008இல் சரணாலயமாகவும் 2010இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. ஆனால் எல்லைக் கல்லால் நீரை மறிக்க முடியாது. அருவியாற்று நீர் தேக்கம் என்னும் இடத்திலுள்ள அணையில் திருப்பப்பட்டுக் கட்டுக்கரைக் குளத்தை நிரப்புகிறது. அங்கிருந்து துருசு எனப்படும் மதகு வழியாக வயல்களில் பாய்ந்து, எஞ்சியது வடிச்சலாகக் கரையோரத் தாழ்நிலங்களுக்கு இறங்குகிறது. அந்த வயல்களில் உரமும் களைகொல்லியும் மிகுந்தால் அவையும் கூடவே வரும். குளத்துக்குக் கீழே காணி செய்யும் ஐயா ஒருவர் என்னிடம், "வெள்ளம் கூடினால் உந்தக் குருவியள் மேட்டுப் பக்கம் போயிடும், தம்பி, வத்தினால்தான் திரும்பி வருங்கள்" என்றார். பறவைகளை அவர் நாள்தோறும் பார்ப்பவர். அவருடைய அறிவு பராமரிப்புத் திட்டத்தில் இடம்பெற வேண்டும்.

பரவிவரும் சீமைக் கருவேலத்தை வெட்டி அகற்றுவதும், தாழப் பறக்கும் கூட்டங்களுக்கு மின்கம்பிகள் தெரியும்படி அடையாளங்கள் தொங்கவிடுவதும் தேவையான வேலைகளே. எனினும் மாரிகால நெற்செய்கையான காலபோகத்துக்கு நீர் திறக்கும் நாள்களைக் கமக்காரரும் அதிகாரிகளும் கூடித் தீர்மானிக்கும் கூட்டத்தில் வனசீவராசிகள் திணைக்களத்தினரும் அமர்ந்து, தாழ்நிலத்தின் நீர்மட்டத்தையும் அங்கேயே பேச வேண்டும் என்பதே என் விருப்பம்.