சைவநெறி வினாத்தாளுக்குப் படித்த முறை

"சமயம்தானே, கடைசிக் கிழமை பார்த்துக்கொள்ளலாம்." இலங்கையில் சாதாரண தர (O/L) வகுப்பில் ஆண்டுதோறும் கேட்ட பேச்சு இது. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ரியூசன் இருந்தது. சமயத்துக்கு ஒரு கொப்பி மட்டும். அந்த நாளில் சைவநெறி என்ற அந்தச் சமயப் பாடத்தில் சித்தியடைவது இலகு, டி என்ற மிக உயர்ந்த சித்தி எடுப்பது இலகு அல்ல. பாடத்தில் பெரிய மலை எதுவும் இல்லை. ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கும் சின்னச் சின்ன விடயங்கள்தாம் நிறைய. புள்ளி போவது அங்கேதான். எங்கள் பாடசாலையில் இந்தப் பாடத்தைப் படிப்பித்த ஆசிரியர்கள் அதை நன்றாக அறிந்திருந்தார்கள். வெளிநாடுகளில் சனி, ஞாயிறு தமிழ்ப் பாடசாலைகளில் சமயம் சொல்லிக்கொடுக்கும் பழைய மாணவர்களுக்கு உதவும் என்பதால் அந்த முறையை இங்கே எழுதிவைக்கிறோம்.

முதலில் பாடல்கள். வெள்ளிக்கிழமைப் பிரார்த்தனையில் பஞ்சபுராணம் பாடிப் பாடியே பல பாடல்கள் வாயில் நின்றன. தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, திருப்புராணம் என்ற ஒழுங்கும் அப்படியே வந்தது. ஆனால் வாயில் நிற்பது வேறு, தாளில் வருவது வேறு. இராகத்தோடு பாடமாக்கிய பிள்ளைக்கு எங்கே வரி முடிகிறது என்று தெரியாது. 'பிறைசூடீ' என்ற விளியைப் 'பிறைசூடி' என்று குறிலில் முடித்துவிடும். ரகர றகரமும் லகர ளகர ழகரமும் பாடும்போது காதுக்குத் தப்பிவிடும், திருத்துபவரின் கண்ணுக்குத் தப்பாது. ஆகவே பாடலைப் பாடிப் பழகிய பிறகு, புத்தகத்தை மூடிவைத்து நான்கு வரியாக எழுதவேண்டும். பிறகு புத்தகத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, பிழைத்த சொல்லை மட்டும் சிவப்பில் எழுதவேண்டும். இரண்டு மூன்று நாள் விட்டு மறுபடியும் பாராமல் எழுதினால் பிழை வந்த அதே இடத்தில்தான் திரும்பவும் வரும். அந்த இடம் சரியாகும்வரை அடுத்த பாடலுக்குப் போவதில்லை.

ஒவ்வொரு பாடலோடும் நான்கு விடயங்கள் சேர்ந்தே போகவேண்டும்: பாடியவர், தலம், நிகழ்ச்சி, திருமுறை (சைவப் பாடல் தொகுப்பில் எத்தனையாவது நூல் என்பது). கொப்பியை அகலவாக்கில் திருப்பி ஐந்து நிரல் கீறி, பாடலின் முதலடியை முதல் நிரலில் எழுதுவது வழக்கம். 'தோடுடைய செவியன்' சம்பந்தர், சீர்காழி, ஞானப்பால் உண்ட நிகழ்ச்சி, முதலாம் திருமுறை. 'கூற்றாயினவாறு' அப்பர், திருவதிகை, சூலைநோய், நான்காம் திருமுறை. 'பித்தா பிறைசூடீ' சுந்தரர், திருவெண்ணெய்நல்லூர், தடுத்தாட்கொண்டது, ஏழாம் திருமுறை. பாடமாக்கிய பிறகு ஒரு நிரலைக் கையால் மறைத்துவிட்டு மற்றதைக் கொண்டு சொல்லவேண்டும். ஒருநாள் தலத்தை மறைப்பது, இன்னொருநாள் பாடியவரை. எப்போதும் இடமிருந்து வலமாகவே சொல்லிப் பழகிய பிள்ளை, "நீற்றறையில் இடப்பட்டபோது பாடிய பாடல் எது?" என்று மறுபக்கத்திலிருந்து கேட்டால் திகைத்துப்போகும்.

அப்பரின் அந்த நீற்றறைப் பாடலையே எடுத்துக்கொள்வோம். மாசில்லாத வீணையொலி, மாலை மதியம், வீசும் தென்றல், இளவேனில் என்று அதில் வருவதெல்லாம் இதமானவை. கொதிக்கும் சுண்ணாம்பு அறைக்குள் இருந்து பாடியவர் இறைவனின் திருவடி நிழலை அப்படி உணர்ந்தார் என்று அறிந்தபின் நிகழ்ச்சியைத் தனியே பாடமாக்கத் தேவையில்லை. 'சொற்றுணை வேதியன்' பாடலில் கல்லோடு பூட்டிக் கடலில் பாய்ச்சுவது சொல்லாகவே இருக்கிறது. 'மந்திரமாவது நீறு' பதிகத்தின் இறுதிப் பாடலில் பாண்டியனின் தீப்பிணி வருகிறது. கருத்தறிந்து படிப்பவருக்குப் பாடலே விடையைத் தந்துவிடும். தேவாரத்தை வெறும் மனனப் பொருளாக்கிப் பிள்ளைகளுக்குச் சலிப்பூட்டுவது எங்களுக்கு உண்மையில் வருத்தம் தரும் விடயம்.

பதிகம் முழுவதையும் பார்த்தால் ஆசிரியரை அடையாளம் காண இன்னொரு வழியும் உண்டு. சம்பந்தர் பதிகங்களில் பெரும்பாலும் எட்டாம் பாடலில் இராவணன், ஒன்பதாவதில் அயனும் மாலும், பத்தாவதில் சமணரும் பௌத்தரும் வருவர். பதினோராவது பதிகத்தை முடிக்கும் திருக்கடைக்காப்பு, அதில் அவர் பெயர் இருக்கும். அப்பர் பதிகங்களில் இராவணன் பலவிடத்தும் இறுதிப் பாடலில் வருவான். சுந்தரர் தம்மை ஊரன், ஆரூரன் என்று சொல்லிக்கொள்வார்.

ஈழத்துப் பாடல்பெற்ற தலங்கள் இரண்டும் வினாத்தாளுக்கு மிகவும் பிடித்தவை. திருக்கேதீச்சரத்துக்குச் சம்பந்தரும் பாடினார், சுந்தரரும் பாடினார். திருக்கோணேச்சரத்துக்குச் சம்பந்தர் பதிகம் மட்டுமே உண்டு. 'விருதுகுன்ற', 'நத்தார்படை', 'நிரைகழலரவம்' என்ற மூன்று தொடக்கங்களையும் யார், எங்கே என்று மாறாமல் வைத்திருந்தால் போதும்.

சமயகுரவர் நால்வரின் வயதில் ஒரு பொறி இருக்கிறது. அப்பருக்கு 81, சுந்தரருக்கு 18. இலக்கம் தலைகீழாகும் இந்த இரண்டையும் பல்தேர்வு வினாவில் அடுத்தடுத்துப் போடுவார்கள். சம்பந்தருக்கு 16, மாணிக்கவாசகருக்கு 32. குருபூசைகளை மாத ஒழுங்கில் படித்தால் குழப்பமே வராது: சித்திரைச் சதயம் அப்பர், வைகாசி மூலம் சம்பந்தர், ஆனி மகம் மாணிக்கவாசகர், ஆடிச் சுவாதி சுந்தரர். நான்கும் அடுத்தடுத்த மாதங்கள். அந்தந்த நாளில் பாடசாலையில் குருபூசை நடக்க, அவரவர் வரலாற்றை அந்தக் கிழமையிலேயே படித்து முடித்துவிடலாம்.

விரதங்களுக்கும் அதே முறைதான். பரீட்சை மார்கழி தொடங்கும் காலத்தில் வந்ததால், மீட்டல் நடக்கும் மாதங்களிலேயே நவராத்திரி, கேதாரகௌரி, கந்தசஷ்டி, பிள்ளையார் பெருங்கதை என்ற விநாயக சஷ்டி எல்லாம் வரிசையாக வந்தன. விரதம் நடக்கும் நாளிலேயே மாதம், பட்சம், திதி, நாட்கணக்கு என்று எழுதிக்கொண்டால் நினைவு இலகுவில் கலையாது. கேதாரகௌரியும் விநாயக சஷ்டியும் 21 நாள். இரண்டிலும் 21 இழைக் காப்பு. ஆகவே எண்ணைக் கொண்டு பிரிக்க முடியாது. புரட்டாதி வளர்பிறைத் தசமியில் தொடங்கி ஐப்பசி அமாவாசையில் முடிவது கேதாரகௌரி. கார்த்திகைத் தேய்பிறைப் பிரதமையில் தொடங்கி மார்கழி வளர்பிறைச் சஷ்டியில் முடிவது விநாயக சஷ்டி. கந்தசஷ்டி ஐப்பசி வளர்பிறையில் ஆறு நாள்.

சைவசித்தாந்தப் பகுதியைத்தான் பலரும் பயந்து ஒதுக்கிவிடுவார்கள். அது வீண் பயம். இந்தப் பாடத்தில் தருக்கம் உள்ள பகுதி அதுதான், விளங்கினால் மறக்காது. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) என்ற மூன்றையும் நடுவில் எழுதி, பாசத்திலிருந்து ஆணவம், கன்மம், மாயை என்று கிளை பிரித்து, கன்மத்திலிருந்து சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று மேலும் பிரித்து ஒரே பக்கத்தில் வரைந்துகொள்ளவேண்டும். இங்கே இரண்டு பிழைகள் வழமையாக வரும். ஆணவத்தை வெறும் அகங்காரம் என்று எழுதுவது ஒன்று. அது அநாதியாகவே உயிரின் அறிவை மறைத்து நிற்கும் மலம். மாயையைப் பொய்த்தோற்றம் என்று எழுதுவது மற்றது. சைவசித்தாந்தத்தில் மாயை உள்பொருள். உடல், கருவிகள், உலகம், நுகர்பொருள் எனும் தனு, கரண, புவன, போகங்கள் தோன்றுவது அதிலிருந்துதான். ஐந்தொழிலுக்கு நடராசர் திருவுருவத்தைக் கோட்டுருவாகக் கீறுவதே சிறந்தது: துடியில் படைத்தல், அமைத்த கையில் காத்தல், தீயில் அழித்தல், ஊன்றிய பாதத்தில் மறைத்தல், தூக்கிய பாதத்தில் அருளல்.

சைவசித்தாந்த நூல்களான மெய்கண்ட சாத்திரங்கள் 14. ஆசிரியர் வாரியாகப் பிரித்தால் சுமை குறையும். எட்டு நூல் உமாபதி சிவாசாரியருடையவை, இரண்டு அருணந்தி சிவாசாரியருடையவை, சிவஞானபோதம் மெய்கண்டாருடையது. திருவுந்தியாரும் திருக்களிற்றுப்படியாரும் உய்யவந்ததேவர் என்ற ஒரே பெயருடைய இருவர் செய்தவை. முன்னவர் திருவியலூர், பின்னவர் திருக்கடவூர். எஞ்சியது உண்மை விளக்கம். அதை எழுதிய மனவாசகங்கடந்தார் சந்தானகுரவர் (சித்தாந்தத்தைக் குரு சீட மரபில் தந்த நால்வர்) அல்லர். சந்தானகுரவரான மறைஞானசம்பந்தருடைய நூல் இந்தப் பதினான்கில் இல்லை. இந்த இரண்டு பேரையும் மாற்றிப் போட்ட விடைத்தாள்கள் ஏராளம்.

கடந்தகால வினாத்தாள்களைக் கடைசி ஒரு மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம். முன்னரே தொடங்கினால் விடைகள் பாடமாகிவிடும், பாடம் பாடமாகாது. 40 பல்தேர்வு வினாக்களைச் செய்தபின், சரியான விடையோடு நிற்காமல் மற்ற மூன்று தெரிவுகளும் ஏன் பிழை என்று சொல்லிப்பார்க்கவேண்டும். ஒரு வினா அப்படியே நான்கு வினாவுக்குப் பயன்படும். எழுத்து வினாவில் ஐந்து விடயம் கேட்டால் ஐந்தையும் தனித்தனி வரியில் எழுதவேண்டும். ஆறுமுக நாவலர் பணிகள் கேட்டால் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை, அச்சுப்பணி, பாலபாடங்கள், சைவ வினாவிடை, பிரசங்கம் என்று பணிகளைச் சொல்லவேண்டும். பிறந்த கதையில் ஒரு பக்கம் போகக்கூடாது.

பாடல் எழுதும் வினாவை முதலில் செய்துவிடுவது நல்லது. இடையில் ஒரு வரி வராவிட்டால் அங்கேயே நின்று யோசிக்கவேண்டாம். ஒரு வரி இடம் விட்டு அடுத்ததை எழுதுங்கள். நான்காம் வரி முடிந்ததும் மனதுக்குள் முதலிலிருந்து இராகத்தோடு ஒருமுறை பாடினால், விட்ட வரி பெரும்பாலும் வந்துவிடும்.