மஞ்சள் இலையைப் பார்த்து ஏமாந்த கதை

நீலகிரியில் பந்தலூர்ப் பக்கம் எங்களுக்கு ஒரு ஏக்கருக்கும் குறைவான தோட்டம். சில்வர் ஓக், முள்முருங்கை மரங்களில் பன்னியூர்-1 ரக மிளகுக் கொடி ஏற்றியிருக்கிறோம். கொடி வாடப் போகிறதென்றால் முதலில் இலை மஞ்சளாகும் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த ஆடி மாதம் மஞ்சளாக நின்ற மூன்று கொடிகளுக்கே மருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். மற்றவை பச்சைப்பசேல் என்று இருந்தன, எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நாலு நாள் விடாத மழை. பச்சைக் கொடி ஒன்றின் அடி இலைகள் உதிர்ந்து கிடந்தன. காற்றுதான் என்று விட்டுவிட்டேன்.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வந்தவர், உதிர்ந்த இலை ஒன்றை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். கரும்புள்ளி. அதன் ஓரம் நூல் பிரிந்த துணி போல இழை இழையாகப் பரவியிருந்தது. "மஞ்ச வளையம் கட்டியிருந்தா அது வேற புள்ளி. இது வேகவாடல், தம்பி. அடியைச் சுரண்டிப் பாரு" என்றார். தரையை ஒட்டிய தண்டில் கத்தியை வைத்தேன். உள்ளே கறுத்து, நீர் கோத்து, அழுகல் வாடை. பக்கக் கிளையை இழுத்தால் கணுக்கணுவாகக் கழன்று வந்தது. இரண்டே வாரத்தில் முழுக் கொடியும் சருகு.

வேகவாடலைக் கொண்டுவரும் பைட்டோப்தோரா என்ற பூசணம் மண்ணில் இருக்கிறது. மழைத்துளி மண்ணைத் தெறிக்கும்போது அடி இலைக்கும், தரையில் ஓடும் இளங்கொடிக்கும் ஏறிவிடுகிறது. நானோ உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மஞ்சள் கொடிகளின் வேரைத் தோண்டினால் முடிச்சு முடிச்சாக இருந்தது. நூற்புழு. அது வருஷக்கணக்கில் மெல்லக் கொல்லும். நான் ஊற்றிய தாமிர மருந்துக்கு அங்கே வேலையே இல்லை.

செத்த கொடியை வேரோடு எடுத்து எரித்தோம். சுற்றியுள்ள கொடிகளுக்கு லிட்டருக்கு 2 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கலந்து, தூருக்கு 5 லிட்டர் ஊற்றினோம். தரையில் ஓடியதை வெட்டி, தண்ணீர் வடிய வாய்க்கால் எடுத்தோம். அப்படியும் ஏழு கொடி போனது.

அடுத்த வைகாசியில் மழைக்கு முன்பே போர்டோ கலவை என்ற பூசண மருந்து தயாரித்தோம்: 100 லிட்டருக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) ஒரு கிலோ, சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ. அரிவாள் நுனியை முக்கினால் செம்பு படிந்தது; சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். கடையில் தந்தது காற்றுப்பட்ட பழைய சுண்ணாம்பு! இன்னும் கொஞ்சம் கரைத்து ஊற்றி, படிவது நின்ற பிறகே அடித்தோம். அந்த மழையில் இரண்டு கொடிதான் போனது.

மஞ்சள் கொடி மூன்றும் இன்னும் நிற்கின்றன. காய்ப்புதான் இல்லை.