யூடியூப்ல எல்லாம் இருக்கு சார்

"இது இவனுக்கு எப்படிங்க தெரிஞ்சது?" என்று பையனின் அப்பா கேட்டார். "யூடியூப்ல எல்லாம் இருக்கு சார்" என்றேன். யோசிக்கக்கூட இல்லை, வாயில் தயாராக இருந்தது போல வந்துவிட்டது. பையன் கதவு நிலையில் சாய்ந்து நின்றிருந்தான். என்னைப் பார்த்தான். அப்புறம் தரையைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

ஏழு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு இன்டர்நெட் கனெக்ஷன் வேலைக்காக எத்தனையோ வீடு ஏறி இறங்கியாகிவிட்டது. வேலை முடிந்து வண்டியில் திரும்பும்போது இந்த ஒரு வரி மட்டும் அடிக்கடி முன்னால் வந்து நிற்கிறது. பொய் என்றால் பொய் சொல்லிவிட்டோம் என்று ஒதுக்கிவிடலாம். அது பொய்யும் இல்லை. யூடியூபில் உண்மையிலேயே எல்லாம் இருக்கிறது. ஆனால் அவன் அதை யூடியூபில் கற்றுக்கொள்ளவில்லை. அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்.

முதல் முறை போனது புது ரவுட்டர் வைப்பதற்கு. கிளம்புகிற நேரத்தில் அவர், "பையன் போனுக்கு மட்டும் ராத்திரி பத்து மணிக்கு மேல நெட் வரக்கூடாது, முடியுமா?" என்றார். வாரத்துக்கு மூன்று நான்கு வீட்டிலாவது கேட்பார்கள். எங்கள் வேலைப் பட்டியலில் இது கிடையாது. ஆனால் முடியாது என்றால் ரேட்டிங்கில் கை வைப்பார்கள். ஐந்து நிமிட வேலை, செய்து கொடுத்துவிடுவோம்.

பொதுவாக இந்தக் கட்டத்தில் பிள்ளைகள் போனை மேஜை மேல் டொக்கென்று வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். இவன் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து லேப்டாப்பை எட்டிப் பார்த்தான். "அண்ணா, இது என் போன்தான்னு ரவுட்டருக்கு எப்படித் தெரியும்?"

இந்தத் தொழிலில் என்னிடம் கேட்கப்படுவதெல்லாம் ஏன் ஸ்லோ, எப்போது வரும், பாஸ்வேர்டு என்ன, இவ்வளவுதான். எப்படி என்று ஒருவன் கேட்டால் எனக்கு வாய் நிற்காது. சொன்னேன். ஒவ்வொரு கருவிக்கும் மேக் முகவரி என்று ஒன்று உண்டு, 48 பிட், எழுதினால் எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்து 12 எழுத்து. பள்ளிக்கூடத்தில் பெயரைக் கூப்பிட்டு வருகை எடுப்பது போல ரவுட்டர் அதை வைத்துத்தான் ஆளை அடையாளம் பார்க்கிறது. "ஆனா இப்ப வர்ற போனெல்லாம் நிஜமான முகவரியைக் காட்டறதில்லை தம்பி. 2019ல ஆண்ட்ராய்டு 10, அடுத்த வருஷம் ஐபோன்ல ஐஓஎஸ் 14. அதுல இருந்து ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் முகவரியைத் தானாவே உண்டாக்கிக் கொடுத்துடும். போற இடமெல்லாம் நம்மள எவனும் பின்னாலயே வந்து கணக்கெடுக்கக் கூடாதுன்னு. அதனாலதான் இப்ப இதை மாத்தறேன், பாரு." அவன் போனில் வைஃபை அமைப்புக்குள் போய், அவன் கண் எதிரிலேயே, பொய் முகவரியிலிருந்து நிஜ முகவரிக்கு மாற்றினேன். அந்த நிஜ முகவரியை ரவுட்டரில் போட்டு, இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை தடை என்று வைத்தேன்.

"அப்ப அதைத் திரும்ப மாத்தினா?" என்று அவன் கேட்டானா? இதுதான் எனக்கு நினைவில்லை. சில நாள் கேட்டான் என்றே தோன்றுகிறது. நான் சிரித்தேன் என்றும் தோன்றுகிறது. சில நாள் யோசித்தால் அப்படி எதுவும் நடக்கவில்லை, நான்தான் பிற்பாடு சேர்த்துக்கொண்டேன் என்று படுகிறது. கேட்டிருந்தால் என் தப்பு பெரிது. கேட்காவிட்டால் கொஞ்சம் சிறிது. எனக்கு வசதியான நாளில் அவன் கேட்காமலும், மனசு சரியில்லாத நாளில் கேட்டும் விடுகிறான்.

மூன்று வாரம் கழித்து அவரே எனக்குப் போன் செய்தார். ராத்திரி ஒரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தவர் பையன் அறைக் கதவுக்கு அடியில் வெளிச்சத்தைப் பார்த்திருக்கிறார். "நீங்க போட்டது வேலை செய்யலைங்க." இந்த வாக்கியம்தான் என்னைக் கிளப்பியது. நான் போட்ட தடை வேலை செய்யாமல் இருக்காது. அதைக் காட்டத்தான் மறுநாள் போனேன் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு அவருக்கு உதவத்தான் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரவுட்டரில் இணைந்த கருவிகளின் பட்டியலைத் திறந்தேன். எந்தக் கருவி வந்து இணைந்தது என்ற கணக்கை அந்த ரவுட்டர் 24 மணி நேரம் வைத்திருக்கும். அதனால் முந்தின இரவு வந்து போன ஆளின் பெயர் இன்னும் அழியவில்லை. பன்னிரண்டு எழுத்தில் இரண்டாவது எழுத்து ஆங்கில 'ஈ' (E). எங்களுக்கு இது பழகிப்போன தடயம். இரண்டாவது இடத்தில் 2, 6, ஏ (A), ஈ (E) இந்த நான்கில் ஒன்று நின்றால், பெரும்பாலும் அது போன் தானாக உண்டாக்கிக்கொண்ட முகவரி. பத்தடித்ததும் அமைப்பை மாற்றுகிறான், ரவுட்டருக்கு அவன் புது ஆள், தடையில்லை. காலையில் பழையபடி மாற்றி வைத்துவிடுகிறான். ரவுட்டரில் கையே வைக்கவில்லை. அழகான வேலை.

அதை நான் அவருக்குத் திரையில் விரல் வைத்துக் காட்டினேன். "இதோ பாருங்க சார், இந்த எழுத்து." திருடனைப் பிடித்த போலீஸ்காரன் குரல். பையன் அப்போதுதான் வந்து கதவருகே நின்றான். அப்புறம் அந்தக் கேள்வி, அந்தப் பதில்.

"நான்தான் சார் சொன்னேன். அன்னைக்கு அவன் கேட்டான், விளக்கிட்டேன்." இவ்வளவுதான் சொல்லியிருக்க வேண்டும். அவர் சிரித்திருக்கலாம். அல்லது கம்பெனிக்குப் புகார் போயிருக்கலாம். நான் ஒப்பந்தத்தில் இருக்கிறவன். என்ன புகார் என்று யாரும் படித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள், எண்ணிக்கைதான். ஆகவே பயந்தேன் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த நொடியில் நான் புகாரை நினைத்தேனா? இல்லை. கெட்டிக்காரனாக நின்றுகொண்டிருந்த இடத்திலிருந்து இறங்க மனசு வரவில்லை. அவ்வளவுதான்.

என் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஒரு பையன் கேள்வி கேட்டான், சரியான பதிலைச் சொன்னேன். அதில் என்ன குற்றம்? நான் சொல்லாவிட்டாலும் கண்டுபிடித்திருப்பான். ரவுட்டர் முதுகில் இருக்கிற ஊசித் துளையில் சிம் பின்னை விட்டு மொத்தத்தையும் அழித்து, ஸ்டிக்கரில் இருக்கிற பழைய பாஸ்வேர்டோடு உள்ளே போன பெண்ணைப் பார்த்திருக்கிறேன். சில ரவுட்டர்களில் கரண்ட் போய் வந்தால் கடிகாரம் 1970 ஜனவரி 1க்குப் போய்விடும், சர்வரிலிருந்து சரியான நேரம் வந்து சேரும் வரை நேரத் தடைக்கு ராத்திரியா பகலா தெரியாது. அதைக் கவனித்து, ஒரு ராத்திரிக்கு மூன்று முறை பிளக்கைப் பிடுங்கிய எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன். தடையைச் சுற்றிக்கொண்டு போகிற விபிஎன் எல்லாம் அவர்களுக்குப் பழைய கதை. ஒன்றுமே தெரியாதவனுக்கு அம்மாவின் போன் இருக்கிறது. விடுங்கள், பூட்டு என்றால் இப்படித்தான்.

இப்படிச் சொல்லிக்கொண்டே வந்தால் மனசு சமாதானமாகும் என்று நினைப்பேன், ஆகாது. சொல்லிக்கொடுத்தது எனக்கு உறுத்தவே இல்லை. அவன் முன்னால் நின்றுகொண்டு வேறு பக்கம் கை காட்டியதுதான்.

அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. "அப்ப அந்த யூடியூபையும் நிறுத்திடுங்க" என்றார் அவர். நான் மறுக்கவில்லை. எப்படி மறுப்பது, காரணம் சொல்ல வேண்டுமே. தடைப் பட்டியலில் யூடியூபின் பெயரைச் சேர்த்தேன், வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து. தடை முறையையும் தலைகீழாக்கினேன். இந்த ஆளை விடாதே என்று இருந்ததை எடுத்துவிட்டு, பட்டியலில் உள்ளவர்களை மட்டும் விடு என்று வைத்தேன். இனிமேல் பொய் முகவரியோடு வந்தால் வைஃபைக்குள்ளேயே நுழைய முடியாது. நிர்வாகப் பாஸ்வேர்டையும் மாற்றி அவர் போனில் குறித்துக்கொடுத்தேன். இதெல்லாம் ஆக இருபது நிமிடம். இருபது நிமிடமும் பையன் அங்கேயே நின்றான். ஒரு வார்த்தை போதும் அவனுக்கு. "இந்த அண்ணாதான் சொன்னார்." சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? என்னைக் காப்பாற்றினான் என்று கொஞ்ச நாள் நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது. சொன்னால் அப்பா நம்ப மாட்டார் என்று தெரிந்திருக்கலாம், யூனிஃபார்ம் போட்ட ஆள் சொல்வதா இவன் சொல்வதா. இல்லை, பெரியவர்கள் இப்படித்தான் என்று ஏற்கெனவே தெரிந்து வைத்திருந்தானோ என்னவோ. அல்லது எதுவுமே இல்லை, மாட்டிக்கொண்ட பயத்தில் வாயடைத்து நின்றான். பதினைந்து வயசு. நான் இத்தனை நாள் கட்டிவைத்திருக்கிற கதையில் பாதி அவனுக்கு ஞாபகமே இருக்காது.

பத்து நாள் கழித்து யூடியூப் தடையை எடுக்கச் சொல்லி அந்த வீட்டிலிருந்தே உதவி மையத்துக்கு அழைத்தார்கள் என்று பதிவில் பார்த்தேன். சின்னப் பெண்ணுக்குப் பாடம் பார்க்க முடியவில்லையாம். அங்கிருந்தே எடுத்துவிட்டார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி என்ன கணக்கு என்று புரியவில்லை.

அவன் ராத்திரி ஒரு மணிக்கு என்னதான் செய்தான்? அவரும் கேட்டார். ரவுட்டரில் அது தெரியாது சார், மிஞ்சிப்போனால் தளத்தின் பெயர் வரும், உள்ளே நடப்பதெல்லாம் பூட்டித்தான் போகிறது என்றேன். இது முழு உண்மை. ஆனால் இதையும் பொய் சொல்கிறவனின் வேகத்தில்தான் சொன்னேன். விளையாட்டாக இருக்கலாம், பேச ஒரு ஆள் இருந்திருக்கலாம், பெற்றவர்கள் பயப்படுகிற எல்லாமாகவும் இருக்கலாம். பள்ளிக்கூடம் போகிற பையன் ஒரு மணி வரை விழித்திருந்தால் எந்த அப்பாவும் கேட்பார். அவர் கேட்டதில் தப்பே கிடையாது. அவர் கத்தவில்லை, அடிக்கவில்லை. இதில் அவரைக் கெட்டவராக ஆக்கினால் எனக்குச் சுலபமாக இருக்கும். அதற்கும் வழியில்லை. என் வீட்டு ரவுட்டரில் எந்தத் தடையும் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு ஒன்பது வயசு. கொள்கை எல்லாம் இல்லை, சோம்பேறித்தனம்தான்.

போன மாதம் அந்த வீட்டு எண் மறுபடி என் பட்டியலில் வந்தது. ஃபைபர் கட், நெட் வருகிற கண்ணாடி இழை அறுந்திருக்கிறது. வேறு ஆளுக்கு மாற்றிவிடலாமா என்று யோசித்தேன், மாற்றவில்லை. கதவைத் திறந்தது அவன்தான். "வாங்கண்ணா." கொஞ்சம் உயர்ந்திருந்தான். உள்ளே, சிக்னல் வரவில்லை என்று காட்டுகிற லாஸ் விளக்கு சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது. அலமாரிக்குப் பின்னால் வெளிச்சம் போதவில்லை. கேட்காமலே போன் டார்ச்சைப் போட்டுப் பிடித்தான். இழையை உரித்து, துடைத்து, கிளீவரில் வைத்து வெட்டினேன். அவன் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அண்ணா, வெளிச்சம் நேராத்தானே போகும்? இது இவ்வளவு வளைஞ்சு வருதே, அதுக்குள்ள எப்படிப் போகுது?"

எனக்குப் பதில் தெரியும். கண்ணாடியின் நடுப்பகுதி ஒரு தன்மை, சுற்றி இருக்கிற உறை வேறு தன்மை, சாய்ந்து போகிற வெளிச்சம் அந்த எல்லையில் பட்டுப் பட்டு உள்ளேயே திரும்பும். பையில் சிவப்பு லேசர் பேனாவும் இருந்தது. அதைச் சொருகி இழையை விரலில் இறுக்கிச் சுற்றினால் வெளிச்சம் பக்கவாட்டில் கசிவது கண்ணுக்கே தெரியும். காட்ட ஒரு நிமிடம் ஆகாது. முன்னறையில் அவர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா. கனெக்ட் பண்றதுதான் நம்ம வேலை" என்றேன்.

"சரிண்ணா" என்றான். டார்ச் வெளிச்சம் அசையவில்லை. பவர் மீட்டரில் மைனஸ் 19 காட்டியது, நல்ல சிக்னல். அவர் வந்து ஓடிபி சொன்னார். போட்டுவிட்டுக் கிளம்பினேன்.