பார்க்கின்சனும் ஒரு பழைய ஊசியும்

எங்க அப்பாவுக்கு பார்க்கின்சன் வந்ததுலேர்ந்து இதைப் பத்தி கைல கிடைக்கிறதெல்லாம் படிக்கிறேன். லெவோடோபா மாத்திரை விறைப்பைக் குறைக்குது, நடக்க வைக்குது, ஆனா மூளைல செத்துட்டே போற டோபமைன் செல்லை (உடம்பு அசைவுக்கு வேண்டிய டோபமைன் ரசாயனத்தைச் சுரக்கிற செல்) அது காப்பாத்துதுன்னு இன்னும் நிரூபணம் ஆகல.

1988லயே கனடால மெக்கீர் குழு, இறந்துபோன நோயாளிங்க மூளைல அந்த செல்கள் இருக்கிற இடத்துல மைக்ரோக்ளியாங்கிற காவல் செல்கள் கிளறிவிட்ட மாதிரி இருந்ததைப் பார்த்துட்டாங்க. அப்போ காவலையே அமைதிப்படுத்தினா என்ன? அமெரிக்கால நெப்ராஸ்கால ஹோவர்ட் ஜென்டல்மேன் டீம் அதைத்தான் பண்றாங்க, சார்கிராமோஸ்டிம்னு ஒரு ஊசி, கீமோவுக்கு அப்புறம் வெள்ளை அணு ஏற குடுக்கிற பழைய மருந்துதான், அதை 20 நோயாளிகள்ல பாதி பேருக்கு 56 நாள் போட்டு, மூளை வீக்கத்தை அடக்கும்னு நம்புற ரெகுலேட்டரி டி செல்ங்கிற நோய் எதிர்ப்பு செல் ரத்தத்துல கூடுதுன்னு 2017ல வெளியிட்டாங்க. ஊசி போட்ட இடத்துல தடிப்பு, எலும்பு வலி எல்லாம் வந்திருக்கு. ரொம்ப சின்ன ட்ரையல், டோபமைன் செல் பிழைக்குதான்னு இதுல சொல்ல முடியாது. பார்க்கின்சன் மூளைல திரண்டு சேர்ற ஆல்ஃபா சினூக்ளின்ங்கிற புரதத்தைப் பிடிக்கிற பிரசினெசுமாப் ஆன்டிபாடியும் 2022ல வந்த ரிசல்ட்ல முக்கிய இலக்கைத் தொடல, அது மனசுக்கு கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனாலும் இந்த டி செல் வழியை பெரிய ட்ரையல்ல சீக்கிரம் பாக்கணும், வீட்ல நோயாளி இருக்கிற எல்லாரும் டாக்டர்கிட்ட இதைப் பத்தி கேளுங்க.