எட்டாம் வகுப்பில் கியூபிசம்

அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியருக்கு ஒரு காட்சி மனப்பாடம்: இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, கரையில் குடிசை, பக்கத்தில் தென்னை. விருப்பப்படி வரையுங்கள் என்றால் பாதி வகுப்பு இதைத்தான் வரையும். பிள்ளைகளை இதிலிருந்து வெளியே கொண்டுவர எனக்குக் கைகொடுத்தது, ஒரு பொருளைப் பல கோணங்களிலிருந்து ஒரே படத்தில் காட்டும் ஓவிய முறையான கியூபிசம்.

நவீன ஓவியம் என்றால் பிக்காசோவின் முகம் ஒன்றைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. கோணல் மூக்கைப் படியெடுக்கிற பிள்ளை படியெடுக்கத்தான் பழகும். படத்தில் எது நிஜம், ஒரு பொருளை எப்படிக் காட்டுவது என்று கியூபிச ஓவியர்களைக் குடைந்த கேள்வி பிள்ளைகளையும் குடைய வேண்டும்.

எட்டாம் வகுப்புக்கு நான் காட்டுவது பிக்காசோ 1912இல் செய்த, பிரம்பு நாற்காலிப் பின்னல் உள்ள அசையாப்பொருள் ஓவியம். நீள்வட்டக் கித்தான். பின்னலை அவர் வரையவில்லை. பின்னல் அச்சிட்ட மேசைவிரிப்புத் துணியை வெட்டி ஒட்டிவிட்டார். சட்டத்துக்குப் பதில் சுற்றிலும் நிஜக் கயிறு. அதே ஆண்டில் இன்னொரு கியூபிச ஓவியரான பிராக், மர வரி அச்சிட்ட சுவர்க்காகிதத்தை ஒட்டினார். 'இதில் எது நிஜம்?' என்று கேட்டால் வகுப்பு இரண்டுபடும். கயிறு நிஜம். பின்னலோ ஓவியர் வரைந்ததும் இல்லை, உண்மைப் பிரம்பும் இல்லை. பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடுகிறது.

பிறகு வேலை. வீட்டிலோ டீக்கடையிலோ பார்த்த ஒரு மேசையைச் செய்ய வேண்டும். பஸ் டிக்கெட், மளிகைச் சீட்டு, தீப்பெட்டி அட்டை, மைதாப் பசை போதும். ஒரே நிபந்தனை: ஒரு பொருளை மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் ஒரே படத்தில் காட்ட வேண்டும். டம்ளரின் வாய் முழு வட்டமாக இருக்கும், உடல் நேராக நிற்கும். பார்த்துப் பழகிய டம்ளரை அன்றுதான் பலர் உற்றுப் பார்க்கிறார்கள்.

ஒரு மாணவி டீத்தூள் பொட்டலத்தைப் பிரித்து, உட்புறத்து வெள்ளிப் பளபளப்பு வெளியே தெரியும்படி எவர்சில்வர் டம்ளராக வெட்டி ஒட்டினாள். 'சார், டீயை வரையட்டுமா, ஒட்டட்டுமா?' என்று கேட்டாள். நீயே முடிவு செய்யம்மா என்றேன். அடுத்த வகுப்புக்குள் வீட்டில் டிகாக்ஷனைத் தாளில் ஊற்றிக் காயவைத்திருந்தாள். கறையின் ஓரம் கருத்து, நடு வெளிறியிருந்தது. அதை அப்படியே வட்டமாக வெட்டி டம்ளரின் வாயில் வைத்தாள். எந்த வண்ணப்பெட்டியிலும் அந்த நிறம் கிடைக்காது.

வெட்டி ஒட்டுவது கைவேலைதானே, ஓவியமா என்று சக ஆசிரியர்கள் கேட்பதுண்டு. எதை ஒட்டுவது, எதை வரைவது என்று தேர்ந்த கணத்திலேயே அந்தப் பெண் ஓவியர் ஆகிவிட்டாள் என்பது என் உறுதியான எண்ணம். மதிப்பெண்ணும் அந்தத் தேர்வுக்குத்தான் போடுகிறேன். தாளின் பின்னால் காரணத்தை எழுதச் சொல்வேன்.

ஒன்பதாம் வகுப்புக்கு நான் காட்டுவது, சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் படங்கள். 1963இல் அவர் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் ஜாதகக் கட்டங்களைப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுகிறார்கள். அதிலுள்ள எழுத்தைப் படிக்க முடியாது என்றதும், 'அப்படியென்றால் எதற்கு எழுத வேண்டும், சார்?' என்றான் ஒருவன். அந்தப் பாடவேளை முழுவதும் விவாதத்தில் போயிற்று. அடுத்த வாரம் அவரவர் கணக்கு நோட்டின் ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு, படிக்க முடியாத எழுத்தைத் தாங்களே உருவாக்கப் போகிறார்கள்.